முதுமை தலைவிதியா?

திரேஸ்புரம் கடற்கரையில் வள்ளங்கள் கரை சேர்ந்து, மீன் ஏலமும் முடிந்த பிறகு, வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். "ஐம்பத்தைந்து" என்பார் ஒருவர். கேட்டவரோ மனத்துக்குள் எழுபது என்று கணக்குப் போட்டிருப்பார். இளவயதில் சங்கு குளித்துக் காது மந்தமானவர் ஒருவர். மற்றவர் தோளைப் பிடித்தால்தான் வள்ளத்தில் ஏற முடியும் என்ற நிலையில் இன்னொருவர். "ஏன் இப்படி?" என்று கேட்டால் பெருமூச்சோடு வரும் பதில் ஒன்றுதான்: "எல்லாம் தலையெழுத்து, தம்பி!"

இது பழைய பதில். புதிய பதில் ஒன்றும் இப்போது புறப்பட்டிருக்கிறது. "உங்கள் டெலோமியரின் நீளத்தை அளந்து உண்மையான வயதைச் சொல்கிறோம், எங்கள் மாத்திரையைச் சாப்பிட்டால் இளமை திரும்பும்" என்று விளம்பரம் செய்யும் வியாபாரிகளின் பதில் அது. ஏழைக்கு முதுமை விரைந்து வருவது விதி என்கிறது முதல் பதில். காசுள்ளவன் விதியை விலைக்கு வாங்கலாம் என்கிறது இரண்டாவது பதில். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், டெலோமியர் என்பது என்ன, அதற்கும் நம் உடலின் ஜீன்களுக்கும் என்ன உறவு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சாவில்லாத உயிரணு என்ற கட்டுக்கதை

1961ஆம் ஆண்டைத் தூத்துக்குடிக் கடற்கரை மறந்திருக்காது. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு அது. அதே ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், லெனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயிரியல் உலகின் அரை நூற்றாண்டு நம்பிக்கையை அது தகர்த்தது.

அந்த நம்பிக்கை என்ன? உடலிலிருந்து பிரித்தெடுத்துத் தக்க உணவு கொடுத்து வளர்த்தால் உயிரணுக்கள் என்றென்றும் பெருகிக்கொண்டே இருக்கும் என்பது. நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரல், 1912ஆம் ஆண்டு தொடங்கிய கோழி இதயத் திசு வளர்ப்பை ஆதாரமாகக் காட்டி இதைச் சொன்னார். பெரிய மனிதர் சொன்னார் என்பதால் உலகம் நம்பியது. ஆனால் ஹேஃப்ளிக்கின் கண்ணாடிக் குப்பியில் மனித உயிரணுக்கள் சுமார் ஐம்பது முறை இரட்டித்துப் பெருகின, பிறகு நின்றுவிட்டன. உணவுக் கரைசல் கெட்டிருக்கும் என்றார்கள். அவர்களோ பலமுறை பெருகி முதிர்ந்த ஆண் உயிரணுக்களையும், இளைய பெண் உயிரணுக்களையும் ஒரே குப்பியில் கலந்து வளர்த்தார்கள். கரைசல் ஒன்று, குப்பி ஒன்று. முதிர்ந்தவை நின்றன, இளையவை தொடர்ந்து பெருகின. உயிரணுக்களை உறைய வைத்துப் பிறகு எழுப்பினாலும் விட்ட இடத்திலிருந்தே கணக்கைத் தொடர்ந்தன.

அப்படியானால் உயிரணுவுக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது? எதைக்கொண்டு எண்ணுகிறது?

மாஸ்கோவில் உதித்த விடை

விடையின் முதல் இழை முன்பே கையில் இருந்தது. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. அதில் நான்கே ரசாயன எழுத்துகளால் உடலின் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிப்புகளே ஜீன்கள். அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர் ஈக்களின் குரோமோசோம்களை எக்ஸ் கதிரால் உடைத்துப் பார்த்தார். எத்தனையோ விதமாக உடைந்தன. ஆனால் நுனி மட்டும் போய், மற்றப்படி ஒழுங்காக வாழும் குரோமோசோம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நுனியில் ஏதோ தனிக் காப்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1938இல் அதற்கு டெலோமியர் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் நுனிப்பகுதி என்று பொருள். உடைந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், இயற்கையான நுனிகள் அப்படி ஒட்டாததையும் பார்பரா மக்ளின்டாக் சோளப் பயிரில் கண்டார். நங்கூரக் கயிற்றின் நுனியில் நூல் சுற்றி இறுக்கிக் கட்டாவிட்டால் புரி பிரிந்துபோகும் என்பதைத் திரேஸ்புரம் சிறுவனும் அறிவான். டெலோமியர் என்பது அந்த நுனிக்கட்டு.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். முல்லர் சோஷலிசத்தில் நம்பிக்கை வைத்து 1933இல் சோவியத் நாட்டுக்குச் சென்று ஆராய்ச்சி செய்தவர். லைசென்கோ என்பவரின் செல்வாக்கு ஓங்கி, ஜீன் விஞ்ஞானமே "முதலாளித்துவப் பொய்" என்று தூற்றப்பட்டபோது, அதை எதிர்த்து வாதாடிவிட்டு 1937இல் வெளியேறினார். மாபெரும் விஞ்ஞானி வவிலோவ் 1943இல் சிறையில் மாண்டார். 1948இல் ஜீன் விஞ்ஞானம் அங்கே அடியோடு ஒடுக்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் நம் இயக்கத்தவர் பலரும் அன்று லைசென்கோவுக்குக் கைதட்டினார்கள். அது பெருந்தவறு. இயற்கையின் விதியை எந்தத் தீர்மானத்தாலும் கைதூக்கி நிறைவேற்றவோ தோற்கடிக்கவோ முடியாது. விஞ்ஞானத்தின் பேரால் எழுதுகிற எவரும் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

அந்த இருள் விலகிய பிறகு விடையின் அடுத்த இழை அதே மாஸ்கோவில் கிடைத்தது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1966இல் அலெக்சி ஓலோவ்னிகோவ் என்ற இளம் விஞ்ஞானி, ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, சுரங்க ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். ரயில் வந்து நின்றது. இந்த ரயில் தண்டவாளத்தைப் படியெடுத்துக்கொண்டே போகும் யந்திரமானால், புறப்படும் இடத்தில் தன் அடியிலுள்ள துண்டை அதனால் படியெடுக்க முடியாதே என்று அவருக்குத் தோன்றியது. தரை மெழுகும் பெண் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை மெழுக முடியாதல்லவா? அதுபோலத்தான். உயிரணு பெருகும்போது டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது, நுனியில் மட்டும் ஒரு துண்டு விடுபடுகிறது. ஒவ்வொரு முறையும் நுனி தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து ஒரு வரம்பைத் தொட்டதும் உயிரணு பெருக்கத்தை நிறுத்துகிறது. எண்ணும் கருவி இதுவே என்று 1971இல் அவர் ரஷ்ய மொழியில் எழுதினார். தலைமுறை தாண்டிச் செல்லும் வித்தணுக்களிலும் புற்றுநோய் அணுக்களிலும் இந்தத் தேய்மானத்தை ஈடுசெய்யும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

சொன்னபடியே அது இருந்தது. எலிசபெத் பிளாக்பர்ன் என்ற ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானி, குளத்து நீரில் வாழும் டெட்ரஹைமினா என்ற ஓரணு உயிரியின் டெலோமியரில் ஒரே சிறு எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1978இல் வெளியிட்டார். மனிதனில் அந்தக் கோவை டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்துகள். ஆயிரக்கணக்கான முறை அடுக்கி வருகிறது. 1984இல் பிளாக்பர்னும் அவருடைய மாணவி கேரல் கிரைடரும் நுனியை நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்தார்கள். மனித உயிரணுக்களில் வயதோடு டெலோமியர் குறுகுவது 1990இல் நிரூபணமாயிற்று. 1998இல் டெலோமரேஸ் ஜீனைச் சேர்த்த மனித உயிரணுக்கள் ஹேஃப்ளிக்கின் வரம்பைத் தாண்டிப் பெருகின. 2009இல் பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முதலில் சொன்ன ஓலோவ்னிகோவுக்கு அதில் பங்கு இல்லை. 2022இல் அவர் காலமானார்.

பேசும் ஜீன், மௌன ஜீன்

நுனி தேய்கிறது, உயிரணு நிற்கிறது. கதை இத்துடன் முடிந்தால் அது வெறும் மணற்கடிகாரம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. டெலோமியர் குறுகக் குறுக, மற்ற ஜீன்களின் நடத்தையே மாறுகிறது என்பதுதான் நம் காலத்தின் பெரிய செய்தி.

தோலணுவிலும் மூளையணுவிலும் இருப்பது ஒரே ஜீன் தொகுதிதான். ஒரே புத்தகம், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. திறந்திருக்கும் ஜீன் பேசுகிறது, புரதம் உற்பத்தியாகிறது. மூடியிருக்கும் ஜீன் மௌனமாக இருக்கிறது. டெலோமியரை ஒட்டிய பகுதியில் இழை இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அகப்பட்ட ஜீன் வாய் திறக்க முடியாது. இது ஈக்களிலும், பிறகு 1990இல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலும் தெரிந்தது. மனித அணுவில் உண்டா என்பதை 2001இல் அமெரிக்காவின் டெக்சாஸ் விஞ்ஞானிகள் அழகான சோதனையால் காட்டினார்கள். ஒளி உண்டாக்கும் ஜீன் ஒன்றை, மின்மினியின் விளக்கைப் போல, மனித அணுவின் டெலோமியர் அருகே வைத்தார்கள். குரோமோசோமின் உட்பகுதியில் வைத்தால் தரும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கே அங்கே தந்தது. டெலோமியரை நீளச் செய்ததும் வெளிச்சம் மேலும் மங்கியது. நுனி நீளமானால் மௌனம். நுனி குறுகினால் பேச்சு.

பக்கத்தில் இருப்பதைத்தானே நுனி அடக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2014இல் மற்றொரு வியப்பு. அதே ஆராய்ச்சிக் குழு, நீண்ட டெலோமியர் வளைந்து மடிந்து, சுமார் ஒரு கோடி எழுத்துத் தொலைவிலுள்ள ஜீன்கள் வரை எட்டிப் பிடிக்கிறது என்று காட்டியது. நீளக் கயிற்றால் எட்டத்தில் நிற்கும் வள்ளத்தையும் பிடித்துக் கட்டலாம். கயிறு குட்டையானால் எட்டாது. வள்ளம் அவிழ்ந்து மிதக்கத் தொடங்கும். அப்படியே, இளவயதில் கட்டுண்டிருந்த ஜீன்கள் சில, டெலோமியர் குறுகியதும் கட்டவிழ்ந்து பேசத் தொடங்குகின்றன. இன்னும் கவனிக்க வேண்டியது, உயிரணு பெருக்கத்தை நிறுத்துவதற்கு வெகு முன்பே இது தொடங்கிவிடுகிறது என்பது. முதுமை ஒருநாள் திடீரென்று வாசலில் வந்து நிற்பதில்லை. கொஞ்சங்கொஞ்சமாக, ஜீன் ஜீனாக வருகிறது.

இரண்டு உதாரணங்கள் போதும். ஐ.எஸ்.ஜி-15 என்ற ஜீன் நோய்க்கிருமி தாக்கும்போது கிளம்பும் தற்காப்புப் படையைச் சேர்ந்தது. முதலாவது குரோமோசோமின் நுனியிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துத் தொலைவில் இருக்கிறது. டெலோமியர் குறுகக் குறுக, கிருமியே இல்லாதபோதும் இதன் பேச்சு ஓங்குகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிரி இல்லாமல் அடிக்கும் போர்முரசு! மற்றொன்று, டெலோமரேஸை உண்டாக்கும் டெர்ட் ஜீன். ஐந்தாவது குரோமோசோமின் நுனியிலிருந்து சுமார் 12 லட்சம் எழுத்துத் தொலைவில் உள்ளது. டெலோமியர் நீளமாக இருக்கும்வரை அதன் மடிப்பே இந்த ஜீனை அடக்கி வைக்கிறது. குறுகியதும் பிடி தளர்கிறது என்று 2016இல் கண்டார்கள். பிடி தளர்ந்த ஜீனைப் புற்றுநோய் பயன்படுத்திக்கொள்ளக்கூடும். வயது ஏற ஏறப் புற்றுநோய் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கடைசிக் கட்டம் தனி. நுனிக்கட்டு மிகவும் தேய்ந்துவிட்டால், உயிரணு அதை உடைந்த முனை என்று கருதி அபாயச் சங்கு ஊதுகிறது. பி-53 என்ற காவல் புரதம் விழிக்கிறது; அது பி-21 என்ற ஜீனைப் பேச வைக்கிறது; அது பெருக்கத்தை நிறுத்துகிறது. அணு சாவதில்லை. கிழப்பருவம் எய்தி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்தபடியே, அழற்சியை மூட்டும் புரதங்களைச் சுற்றிலும் கசியவிட்டு, அக்கம்பக்கத்து அணுக்களையும் பாதிக்கிறது. மூப்பில் உடலெங்கும் புகையும் அழற்சியில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

இங்கே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. பிறப்பில் பெற்ற ஜீன்களே மனிதனின் விதி என்று பேசுவோர் உண்டு. ஜீன்களின் எழுத்து மாறாமல் இருக்கும்போதே, எது பேசும் எது மௌனமாகும் என்பது வாழ்நாள் முழுவதும் மாறிக்கொண்டே வருகிறது என்பதை டெலோமியர் காட்டுகிறது. அது தலையெழுத்து என்ற சொல்லின் அடிவேரையே அசைக்கிறது.

வாழ்க்கை நுனியைத் தேய்க்குமா?

அப்படியானால் கடும் உழைப்பும் வறுமையும் கவலையும் இந்த நுனியை விரைவாகத் தேய்க்குமா? கேள்வி நியாயமானது. விடையை ஆசையால் எழுதக் கூடாது. அளந்துதான் எழுத வேண்டும்.

2004இல் பிளாக்பர்னும் எலிசா எபெலும் அவர்களுடைய குழுவினரும் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். தீராத நோயுள்ள குழந்தையைப் பராமரிக்கும் தாய்மார் அவர்களில் பெரும்பாலோர். மன அழுத்தம் மிகுந்த பெண்களின் வெள்ளணுக்களில் டெலோமியர், குறைந்தது பத்தாண்டு கூடுதல் வயதுக்குச் சமமாகக் குறுகியிருந்தது. 2006இல் பிரிட்டனில் 1552 இரட்டைப் பிறவிப் பெண்களை ஆராய்ந்தவர்கள், உடலுழைப்புத் தொழில் செய்யும் வர்க்கத்தினருக்கு டெலோமியர் குறுகலாக இருப்பதைக் கண்டார்கள். வித்தியாசம் சுமார் ஏழாண்டு மூப்புக்குச் சமம் என்று கணித்தார்கள். நமக்கு உவப்பான முடிவு. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் வித்தியாசம் சிறிது; சிலவற்றில் இல்லவே இல்லை. ஒரு மனிதரின் டெலோமியர் நீளம் பெருமளவு பெற்றோரிடமிருந்தும் வருகிறது. ஆகவே நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிக் காட்டி, "வறுமை டெலோமியரை அரிக்கிறது, நிரூபணமாகிவிட்டது" என்று முழங்க நாம் தயாரில்லை. லைசென்கோவின் பாதை அது.

நம் அண்டைக் கரையிலிருந்தே ஓர் உதாரணம். கேரளத்தில் கொல்லம் அருகே சவரா, நீண்டகரை கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அங்கே மிகுதி. தலைமுறை தலைமுறையாக மீனவர் வாழும் ஊர்கள் அவை. கதிர்வீச்சு அவர்களுடைய டெலோமியரைக் குறுக்கியிருக்கும் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அங்குள்ள இளவயதினரின் ரத்தத்தை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு குறைந்த ஊர்க்காரர்களோடு ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. ஊகம் பொய்த்தது. எல்லா ஆபத்தும் இல்லையென்று இதற்குப் பொருளல்ல. அளந்தது டெலோமியரை மட்டுமே. ஆனால் ஊகத்தை அளவையில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த முறையே நமக்கு வேண்டும்.

இளமை வியாபாரம்

இனி வியாபாரிகளுக்கு வருவோம். ரத்தத் துளியில் டெலோமியர் அளந்து "உண்மை வயது" சொல்வதாகக் காசு வாங்குகிறார்கள். ஒரே வயதுடைய ஆரோக்கியமானவர்களிடையிலேயே டெலோமியர் நீளம் வெகுவாக வேறுபடுகிறது. ஆயிரம் பேரை ஒப்பிட உதவும் அளவை, ஒருவரின் ஆயுளைச் சொல்ல உதவாது. இது கைரேகை ஜோசியத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிய கதை.

டெலோமியரை நீட்டும் மாத்திரை என்பதோ இன்னும் அபாயமானது. புற்றுநோய்களில் பத்துக்கு எட்டு ஒன்பதில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது. புற்றணு சாகாமல் பெருகுவதற்கு அதுவே துணை. நம் உடல் பெரும்பாலான அணுக்களில் டெலோமரேஸை மௌனமாக வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. பிறப்பிலேயே நீண்ட டெலோமியர் பெற்றவர்களுக்கு இதய நோய் குறைவாகவும், சிலவகைப் புற்றுநோய்கள் அதிகமாகவும் வருவதாக 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. குறுகினால் ஒரு தொல்லை, நீண்டால் மற்றொரு தொல்லை. இவ்வளவு நுட்பமான துலாக்கோலில், லாபத்துக்கு அலைபவன் கட்டைவிரலை வைக்க அனுமதிக்கலாமா?

நமது கோரிக்கை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, இந்த ஆராய்ச்சியால் திரேஸ்புரத்துக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். பதில் சொல்கிறோம்.

முதலாவது, கடலுக்குள் மூழ்கிச் சங்கெடுப்பவர்கள், கடும் வெயிலில் உப்பளத்தில் நின்று உழைக்கும் பெண்கள், வள்ளத்திலும் விசைப்படகிலும் இரவெல்லாம் கண்விழிப்பவர்கள் ஆகியோரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயும் பணியைப் பொது நிறுவனங்கள் மேற்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெலோமியரை மட்டும் அளந்தால் போதாது; நுரையீரல், காது, மூட்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாம் அளக்கப்பட வேண்டும். முடிவுகள் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லப்பட வேண்டும். சவரா மீனவரின் ரத்தம் விஞ்ஞானத்துக்கு உதவியது என்றால், முத்துக்குளித்துறையின் உழைப்பாளிக்கு விஞ்ஞானமும் உதவ வேண்டும்.

இரண்டாவது, ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத விஷயங்கள் உள்ளன. கடலடியிலிருந்து விரைந்து மேலேறும் குளியாளின் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் கட்டி முடமாக்கும், உயிரையும் குடிக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. நிழலும் நீரும் ஓய்வும் இல்லாத வெயில் உழைப்பு உடலை உருக்கும் என்பதற்கு நோபல் பரிசு ஆய்வு தேவையில்லை. பாதுகாப்பான காற்றுக் கருவி, அதைப் பயன்படுத்தும் பயிற்சி, மூழ்கும் நேரத்துக்கு வரம்பு, உப்பளத்தில் நிழல், குடிநீர், மருத்துவம், உழைக்க முடியாத வயதில் கௌரவமான ஓய்வூதியம்: இவை டெலோமியரை நீட்டுமா என்று நமக்குக் கவலையில்லை. வாழ்வை நீட்டும், அது போதும்.

மூன்றாவது, முதுமையைப் பற்றிய அறிவு விலைச்சரக்காகக் கூடாது. குளத்து உயிரி ஒன்றை எந்த லாபமும் எதிர்பாராமல் ஆராய்ந்ததால்தான் டெலோமரேஸ் கிடைத்தது. ரயில் நிலையத்தில் நின்று யோசித்த ஒருவருக்கு அந்த யோசனைக்காக நோபல் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. மனித குலத்தின் பொது உழைப்பில் விளைந்த அறிவு மனித குலத்துக்கே பொது.

மூப்பு எல்லோருக்கும் வரும். ஐம்பத்தைந்தில் எழுபது வயதின் தளர்ச்சி வருவது எல்லோருக்குமான விதியன்று. அடுத்த முறை திரேஸ்புரம் மணலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் "எல்லாம் தலையெழுத்து, தம்பி" என்று சொன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, எழுத்து தலையில் இல்லை. உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் இருக்கிறது. அதில் எந்த வரி உரக்கப் படிக்கப்படும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வாழும் வாழ்க்கையை மாற்ற நம்மால் முடியும்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதோடு நில்லாமல், மாற்றும் வேலையிலும் அவரோடு தோள் கொடுங்கள்.